வடிதாள்

காலை ஒன்பதுக்கு விமலசேன
மொட்டைமாடியிலிருந்து இறங்கி வருவான்,
கையில் மூடி போட்ட கண்ணாடித் தட்டு.
அதற்குள் நேற்று.

வெள்ளைத் தாள், உள்ளங்கையளவு வட்டம்.
ஏறும்போது ஒரு நிறை, இறங்கும்போது ஒரு நிறை.
இரண்டுக்கும் இடையில் உள்ளதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
தராசறையில் மின்விசிறி கூடாது.
மூச்சு விட்டாலே எண் துடிக்கும்.
மருதானையின் ஒரு நாளை நிறுக்க
நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்,
இருபத்தொரு வருடமாக.

சாம்பல் எல்லாம் ஒரே சாம்பல் இல்லை.
பள்ளிக்கூட வான்கள் வாசலில் நின்று உறுமும்
தவணை நாட்களுக்கு ஒன்று,
விடுமுறைக்கு வேறொன்று.
வெசாக் கழிந்த காலைத் தாளில்
தேங்காயெண்ணெய்த் திரியின் கரி.
தீபாவளிக்கு மறுநாள்
கொட்டாஞ்சேனைத் தட்டை யாரும் முகரமாட்டார்கள்.
சோளகம் எழுந்த பிறகு
தாளில் கனப்பது பெரும்பாலும் உப்பு.
நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. தெரியும்.

அந்தக் காலப் பெட்டிக்குள்
ஒரு பம்பு, ஒரு டைமர்,
சிவப்பும் கறுப்புமாக வயர்.
ஆமர் வீதிச் சந்தியில் ஓர் இரவு இறக்கிவிட்டார்கள்.
அடையாள அட்டையை டோர்ச் அடித்துப் பிடித்து
என் பெயரை இரண்டு தரம் வாசித்தான் ஒரு பொடியன்.
"காற்றுப் பிடிக்கிற பெட்டி" என்றேன் அவன் மொழியில்.
"காற்றையா?"
சிரித்தான். சிரித்தால் விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.
விடியும்வரை வாங்கில் இருந்தேன்.
போகச் சொல்லியும் போகாமல்
பக்கத்தில் விமலசேன.
லொறிகள் ஒவ்வொன்றாக நின்று,
உறுமி,
எங்கள் முகத்தில் விட்டுவிட்டுப் போயின.
பெட்டி மூடிக் கிடந்த அந்த இரவுக்கு
நாங்கள் இரண்டு பேர்தான் தாள்.
யாரும் நிறுக்கவில்லை.

பெற்றோல் இல்லாத வருடம்
வானத்தைப் பார், என்ன நீலம் என்றார்கள்.
காலி வீதியில் சைக்கிள் மணி கேட்டது.
பணிப்பாளர் நீலத்துக்குப் புள்ளிவிவரம் கேட்டார்.
கரண்ட் இல்லை, சேர்.
பம்பு நின்றிருந்தது,
நீலம் அளக்காமலே போயிற்று.
பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வந்தது.
கூரையில் நின்று அது விட்ட புகையை
எங்கள் பெட்டியே உறிஞ்சியது.
அந்த வாரத் தாள்கள் போலக் கறுப்பு
அதற்கு முன் நான் கண்டதில்லை.
கீழே மாடிவீட்டு பல்கனிகளில் விறகு புகைந்தது,
என் வீட்டில் சிரட்டை.
அந்த நீலத்தை நான் பார்த்தது
கண் எரிய எரிய.

இப்போது தை. வாடை.
தாமரைக் கோபுரத்தின் மொட்டை
யாரோ ரப்பரால் பாதி அழித்திருக்கிறார்கள்.
அயல்நாட்டுப் புகை, கடல் கடந்து வந்தது
என்கிறது செய்தி.
இருக்கலாம்.
இங்கே பஸ்ஸுக்குப் பின்னால் மூக்கைப் பொத்துகிற
ரிஸ்னாவின் நெஞ்சுக்கு
எது எந்தக் கரையில் புகைந்தது என்று பிரிக்கத் தெரியாது.
என் தராசுக்கும் தெரியாது.
அது நிறுக்கும். ஊர் கேட்காது.
பெயரை இரண்டு தரம் வாசிக்காது.

போன மாதம் புதுப் பெட்டி வந்தது.
சவர்க்காரக் கட்டியளவு.
தாள் இல்லை, நிறை இல்லை,
கைபேசியில் ஒரு நிறம் காட்டும்:
மஞ்சள், செம்மஞ்சள், ஊதா.
நான் இன்னும் அதன் முன்னாலும்
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

அலுமாரியில் ஏழாயிரம் நாட்கள்,
திகதி ஒட்டி, மூடி போட்டு.
இடம் தேவை, பழைய தாள்களை எரித்து
அறிக்கை தரவும் என்று கடிதம்.
விமலசேன அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான்.
அவனுக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம்.
"எங்கே வைத்து எரிப்பது, மிஸ்?
மொட்டைமாடியிலா?
புதுப் பெட்டி அங்கேதானே இருக்கிறது."